கைப்பேசிப் பாடமும் சங்க அங்கத்தினரும்

கூட்டுறவு இயக்கத்தில் கல்விக்குத் தொடக்கம் முதலே உயர்ந்த இடம் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் 1844ஆம் ஆண்டில் தங்கள் பண்டகசாலையைத் திறந்தனர். சுமார் பத்து ஆண்டுகளில், ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக் கொண்டனர். சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு 1995இல் வகுத்தளித்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கொள்கை, கல்வியும் பயிற்சியும் தகவலும் அளித்தல் என்பதாகும். நம் மாநிலச் சங்கங்களும் தமது நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தி வருகின்றன. ஆகவே கொள்கைக்கும் குறைவில்லை, நிதிக்கும் வழியுண்டு. பாடத்தைத் தொடங்கிய அங்கத்தினர் அதன் முடிவுவரை உடனிருக்கிறாரா என்பதே இப்போது நாம் ஆராய வேண்டிய விஷயம்.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலத்தில், மக்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு இயலாமற் போகவே, பயிற்சி வகுப்புகள் பல கைப்பேசிக்கு இடம் பெயர்ந்தன. நோய் தணிந்தது; கைப்பேசி வகுப்பு நிலைத்து விட்டது. இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. கெங்கவல்லிப் பக்கத்து விவசாயி ஒருவர் இரண்டு மணி நேர வகுப்புக்காகச் சேலம் வந்து திரும்புவதானால், ஒரு நாள் வேலையும் பஸ் கட்டணமும் போய்விடும். அதே பாடம் அவர் வீட்டுத் திண்ணைக்கே வருமானால் நன்மைதானே?

நன்மைதான், அது முழுமையாக வந்து சேருமானால். நம் பார்வைக்கு வரும் சங்கங்களின் பயிற்சிப் பதிவேடுகளைப் புரட்டினால், வகுப்பு நடந்த தேதியும், இணைந்தவர் எண்ணிக்கையும், பேசியவர் பெயரும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கின்றன. இணைந்தவருள் எத்தனை பேர் கடைசி வகுப்புவரை இருந்தனர் என்ற கலத்தை மட்டும் பெரும்பாலும் காண்பதற்கில்லை. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினரிடமே விசாரித்தால், “முதல் நாள் பார்த்தேனுங்க, அப்புறம் பாவு அவசரம், விட்டுப் போச்சுங்க” என்கிறார். பொய் சொல்லத் தெரியாத விடை அது.

இதைக் கேட்டவுடன், நம்மவர்க்குச் சிரத்தை போதாது என்று தீர்ப்பளித்து விடுவோர் உளர். அவர்கள் ஒரு செய்தியை அறிதல் நலம். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் உலகத்தார் அனைவர்க்கும் திறந்து வைத்த இணையப் பாடங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாயிற்று. அதன்படி, 2017-18ஆம் ஆண்டில் பாடத்தில் பெயர் பதிந்தவர்களுள் அதை முடித்தவர்கள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. சான்றிதழுக்கெனப் பணம் கட்டியவர்களிலேயே பாதிப் பேர் முடிக்கவில்லை. படிப்பையே தொழிலாகக் கொண்ட இடங்களின் நிலை இதுவாயின், நாள் முழுதும் மிதிகட்டையை மிதித்துவிட்டு வருகிறவரை நொந்து என்ன பயன்? குறை பாடத்தை அமைக்கும் முறையிலேயே இருக்கிறது.

வானொலி கற்றுத் தந்த பாடம்

கருவியின் வழியாக முதியோர்க்குக் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. கனடா நாட்டில் 1941இல் விவசாயிகளுக்கென வானொலி மன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. படி, கேள், கலந்து பேசு, செயலாற்று என்பது அவற்றின் முறை. அதைப் பின்பற்றி, ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவின் உதவியோடு, 1956இல் பூனா வானொலி நிலையம் ஒரு பரீட்சை நடத்தியது. ஐந்து ஜில்லாக்களில் சுமார் 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஊருக்கு இருபது பேரளவில் ஒரு மன்றமாகக் கூடினர். வாரம் இருமுறை, பத்து வாரங்கள் ஒலிபரப்பு நிகழ்ந்தது. நிகழ்ச்சியைக் கேட்டு முடித்ததும் மன்றத்தார் தமக்குள் விவாதித்து, எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். பின்னர் வந்த ஒலிபரப்பில் அவற்றுக்கு விடை கூறப்பட்டது.

இப்பரீட்சையின் சிறப்பு யாதெனில், மன்றம் இருந்த ஊர்களோடு, வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும், பெட்டியே இல்லாத ஊர்களையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தனர். பேராசிரியர் பால் நியூராத் என்பார் அந்த ஆய்வை எழுதினார். மன்றம் கூடிய ஊர்களில் விஷய ஞானம் வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி மிகச் சொற்பமே. பெட்டி ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்கியது, கேட்டபின் பத்துப் பேர் உட்கார்ந்து பேசியதும், தம் கேள்விக்கு விடை வரும் என்ற நம்பிக்கையும் ஆகும்.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1966இல் திருச்சி வானொலி நிலையத்தில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றி அந்நிலையம் ஓயாது எடுத்துரைத்ததால், தஞ்சைச் சீமை விவசாயிகள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு விட்டனர். கேட்ட செய்தி அடுத்த பட்டத்தில் நாற்றங்காலுக்கு வந்தது. கேட்பதற்கும் செய்வதற்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவே.

இன்றைய கைப்பேசி அன்றைய வானொலிப் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு ஆற்றல் மிக்கது. படம் காட்டுகிறது, திரும்பக் கேட்க உதவுகிறது, கேள்வியையும் உடனே ஏற்றுச் செல்கிறது. ஆயினும் நாம் அதைப் பயன்படுத்தும் விதம், பூனாவில் மன்றமில்லாப் பெட்டியைப் பயன்படுத்திய விதமாகவே பெரும்பாலும் இருக்கிறது. லிங்க் அனுப்பப்படுகிறது, அங்கத்தினர் தனியே திறக்கிறார், தனியே மூடுகிறார்.

குச்சிக்கிழங்கு வயலில் ஒரு சோதனை

பாடம் பாதியில் நின்றால் என்ன நஷ்டம் என்பதை நம் ஜில்லாக்களின் பயிர் ஒன்றைக் கொண்டே விளக்குவோம். சேலம், நாமக்கல் சீமையில் மரவள்ளி, அஃதாவது நம்மவர் சொல்லும் குச்சிக்கிழங்கு, எத்தனை குடும்பங்களுக்கு ஜீவனம் என்பதை வாசகர்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1981இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கென ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கமே சேலத்தில் ஏற்பட்டது.

இப்பயிரைத் தாக்கும் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்துத் திருச்சூரில் கண்டறியப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. குருத்து சுருங்கிக் கொத்தாகி, செடி வளர்ச்சி குன்றிவிடும். இப்பூச்சி முன்னர் ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பெரிதும் வருத்தியதாகும். அங்கே 1981 முதலாக, தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு குளவியைப் பரப்பி அதை அடக்கினர். அப்பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெர்ரன் என்பாருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அனகைரஸ் லோபேசி எனப்படும் அதே குளவியை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சு மாதத்தில் நம் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது.

இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பூச்சி உப்பிப் பழுப்பேறிக் கூடுபோல் இறுகிவிடும். குளவியோ கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவினது. கடுமையான பூச்சிமருந்தைத் தெளித்தால், மாவுப்பூச்சிக்கு முன்பாக அதுவே மடியும். ஆகவே விவசாயி கற்க வேண்டியது, மருந்துத் தெளிப்பானைக் கீழே வைக்கும் பொறுமையை. அதைவிடக் கடினமான பாடம் உழவுத்தொழிலில் உண்டோ?

இப்பொருள் பற்றி ஆறு வகுப்புகள் கொண்ட ஒரு கைப்பேசிப் பாடம் அமைப்பதாகக் கொள்வோம். வழக்கமான முறையில் அமைப்போர் முதல் வகுப்பில் மரவள்ளியின் வரலாறும் அமைச்சுகளின் திட்டங்களும் கூறுவர். இரண்டாம் வகுப்பில் பூச்சியின் வாழ்க்கைச் சுற்று, மூன்றாவதில் அது விளைக்கும் சேதம். குளவியின் பெயர் ஐந்தாம் வகுப்பில்தான் வரும். இப்போது, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். பூச்சி பொல்லாதது என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டார்; குளவி வந்திருப்பதைக் கேட்கவில்லை. அவர் நேரே எங்கே போவார்? மருந்துக் கடைக்குத்தான். அந்தப் பாடத்தைக் கேளாமல் இருந்திருப்பாரேயானால் ஒருவேளை சும்மா இருந்திருப்பார். அரைப் பாடம் இவ்விடத்தில் வயலுக்கும் பணத்துக்கும் கேடு செய்துவிட்டது. அவருடைய வயலோடு போகவில்லை. வரப்புக்கு அப்பால் அண்டை வயலில் பெருகிவந்த குளவிகளும் அம்மருந்தின் வாடையில் மாளும். பாடத்தை முடித்த அண்டை வீட்டுக்காரர் தம் பொறுமைக்குப் பலன் காணாமல், அடுத்த ஆண்டு தாமும் மருந்தடிப்பார்.

ஆதலின், முதியோர் பாடத்தை அமைப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, கேட்பவர் எந்த வகுப்போடும் நின்றுவிடக் கூடும் என்பதே. நின்ற இடம்வரை கேட்டது அவருக்கு உதவ வேண்டும், தீங்கு செய்யலாகாது. குளவி முதல் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும். முதல் நாளே, “மருந்தடிக்குமுன் குருத்தைப் பாருங்கள், பழுப்பேறி உப்பிய பூச்சி தென்படுகிறதா?” என்ற வினாவைக் கொடுத்துவிட வேண்டும். பூச்சியின் பிறப்பு வளர்ப்பெல்லாம் பிறகு வரலாம்; வராமலே போனாலும் பாதகமில்லை.

இரண்டாவதாக, கற்க வருகிறவர் வெறுங்கையோடு வரவில்லை என்பதை அறிதல் வேண்டும். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களுக்குப் பரவியது பலருக்கு நினைவிருக்கும். 2010இல் அதற்கும் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணி ஒன்று தருவிக்கப்பட்டுப் பரப்பப்பட்டது, பூச்சி அடங்கிற்று. ஐம்பது வயதான விவசாயிக்கு இது சொந்த அனுபவம். பாடத்தின் தொடக்கத்தில், “அன்று என்ன மருந்தடித்தீர்கள்? என்ன செலவாயிற்று? பூச்சி எப்படிப் போயிற்று?” என்று கேட்டு, அவரைப் பேசவிட்டால், பாதிப் பாடத்தை அவரே நடத்தி விடுவார். பள்ளிச் சிறுவனுக்கு வரவிருக்கும் நாட்களுக்காகக் கற்பிக்கிறோம். முதியவர்க்கோ நாளைக் காலை வேலைக்காகக் கற்பிக்கிறோம். அவர் நேற்றுவரை செய்த வேலையோடு அது பொருந்தினாலன்றி மனம் கொள்ளாது.

மூன்றாவதாக, ஒவ்வொரு வகுப்புக்கும் கை வேலை ஒன்று வேண்டும். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியைப் பார்த்து, குருத்தைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் இடுவது அத்தகைய ஒரு வேலை. அப்படங்களை ஏத்தாப்பூர் நிலையத்தாரோ, சந்தியூர், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தாரோ பார்த்து, “இது குளவி உண்ட பூச்சி, இந்த வயலில் மருந்து வேண்டாம்” என்று பெயர் சொல்லி விடை தந்தால், அதற்கடுத்த வகுப்புக்கு அவர் தவறாமல் வருவார். தம் வயலைப் பற்றிப் பேசுகிற வகுப்பை யார் விட்டுவிடுவார்? கரணைக்குச் செடி தேர்ந்தெடுக்கும் வகுப்பை, வெட்டு முடிந்து கரணை கட்டும் நாட்களில் வைக்க வேண்டும். கரணை வழியாகவே பூச்சி ஊர்விட்டு ஊர் போகிறது. நட்டு மூன்று மாதம் கழிந்தபின் அப்பாடத்தைச் சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தறியின் நேரமும் பாடத்தின் நேரமும்

நெசவாளர் விஷயத்தில் நேரமே பெரிய தடை. அவர் கூலி நெய்த அளவுக்கே உரியது. தறி ஒரு மணி நேரம் நின்றால் அந்நேரக் கூலி இல்லை. அலுவலக நேரமாகிய காலை பதினொரு மணிக்கு இணைய வகுப்பு வைப்பவர், அங்கத்தினரின் கூலியிலிருந்து கட்டணம் வசூலிக்கிறார் என்றே கொள்ள வேண்டும். மாதச் சம்பளம் பெறும் நமக்கு இது எளிதில் தோன்றுவதில்லை.

கைத்தறி நெசவாளர் வெகு காலமாக வானொலியைக் கேட்டுக்கொண்டே நெய்து பழகியவர். கண்ணும் கையும் தறியில் இருக்க, காது மட்டும் ஓய்வாக இருக்கும். ஆதலின் கைத்தறிக்காரர்க்குக் குரல்வழிப் பாடம் மிகவும் உகந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளைப் பக்கங்களில் விசைத்தறிக் கூடத்தில் நிற்பவர்க்கு இது பொருந்தாது. அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்பதில்லை. வடிவமைப்பு, சாயம், ஜக்கார்டு அட்டை போன்ற கண்ணால் கண்டே கற்க வேண்டிய பாடங்களை, ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைநாட்களுக்கும், பாவுக்குக் கஞ்சியிட முடியாத மழை நாட்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்நாட்கள் வீட்டுக்கு வீடு வேறுபடும். எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் இணைய வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, பதிவு செய்த பாடத்தை அவரவர் ஓய்வில் காணவிட்டு, கலந்து பேசுவதற்கு மட்டும் ஒரு பொது நாளைக் குறிப்பதே தகும்.

பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? 2014இல் அமெரிக்காவில் எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வி நிறுவனத்துப் படப் பாடங்களை மாணவர் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து, ஆறு நிமிஷத்துக்கு மேற்பட்ட படங்களைப் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகின்றனர் என்று கண்டனர். மணிக்கணக்கான சொற்பொழிவை அப்படியே பதிவு செய்து அனுப்பும் நம் அறிஞர்கள் இதைக் கவனிப்பார்களாக. ஆறு நிமிஷத்துக்கு ஒரே செய்தி போதும்.

தேனி ஜில்லாவில் விடியல் என்னும் மகளிர் அமைப்பைச் சேர்ந்த கிராமப் பெண்கள், காமன்வெல்த் கல்வி நிறுவனத்தின் ‘விவசாயிகளுக்கு வாழ்நாள் கல்வி’ என்ற திட்டத்தின்கீழ், ஆடு வளர்ப்பைக் கைப்பேசி வழியே கற்றனர். சாதாரணக் கைப்பேசிகளே வழக்கிலிருந்த காலம் அது. ஆடு மேய்க்கும் இடத்திலேயே குறுகிய குரற்செய்திகள் வந்தன. பாடப்பொருளைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அளித்தது. ஆடு வாங்க வங்கி கடன் கொடுத்தது. கவனிக்க வேண்டியது என்னவெனில், அப்பெண்களுக்குக் கேட்டே ஆக வேண்டிய காரணம் இருந்தது. கடனில் வாங்கிய ஆடு கையில் இருக்கும்போது, ஆட்டு நோயைப் பற்றிய செய்தியை யாரும் தட்டிக்கழிக்க மாட்டார். பாடத்தையும் கடனையும் தனித்தனி மேசைகளில் வைத்துப் பழகிய நம் சங்கங்கள் இதை யோசிக்கலாம். கறவை மாட்டுக் கடன் வழங்கிய வாரத்திலேயே மாடு வளர்ப்புப் பாடம் தொடங்கினால், பயிற்சிக்கு ஆள் சேர்க்க அலைய வேண்டியிராது.

பேசுகிற மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்விதழின் நடை அச்சுக்கு உரியது. கைப்பேசிப் பாடத்துக்கு இதை மாதிரியாகக் கொள்ள வேண்டாம். பாடத்தில் குச்சிக்கிழங்கு குச்சிக்கிழங்காகவே இருக்கட்டும். கர்நாடகத்துக் கிராமங்களில் டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சியை முதலில் நடத்தியவர்கள், அந்தந்த ஊர் விவசாயியையே படத்தில் பேசவைத்தனர். பார்ப்பவர், ‘இவர் எந்த ஊர், எத்தனை ஏக்கர்’ என்றுதான் முதலில் கேட்டனர். ஊரில் ஒருவர் படத்தை இடையிடையே நிறுத்தி வினாக்கள் கேட்டார். பிறகு வயலுக்கும் போய்ப் பார்த்தார். செலவழித்த பணத்தை நோக்க, பழைய விரிவாக்க முறையைவிட இது பத்து மடங்கு பலனளித்ததென்று அவர்கள் கணக்கிட்டனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பூனாவில் கண்ட அதே உண்மைதான் படத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்கும் முதியோர் பலர். எழுத்து தடுமாறுகிறவரைப் பத்துப் பேர் முன்னிலையில் மதிப்பெண் வாங்கச் செய்வது அவரை விரட்டுவதாகும். ஆயினும் வினாக்களை அடியோடு விட்டுவிடவும் இயலாது. படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பவரே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருக்கிறார் என்று 2006இல் ரோடிகர், கார்பிகி என்னும் உளநூல் அறிஞர் இருவர் செய்த சோதனை காட்டுகிறது. எனவே வினா இருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம். கூலியிலிருந்து பிடிக்கப்படும் சேமிப்பைப் பற்றிப் பாடம் நடத்துவதானால், “உங்கள் பாஸ் புத்தகத்தை எடுங்கள். சென்ற ஆண்டு உங்கள் பங்கு எவ்வளவு ஏறியிருக்கிறது? அரசு பங்கு ஏறியிருக்கிறதா? வட்டி எந்தத் தேதியில் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டால் போதும். விடை தவறாயின் அங்கத்தினர் தலைகுனிய வேண்டியதில்லை. சிலசமயம் தலைகுனிய வேண்டியவர் கணக்கு எழுதினவராக இருப்பார். இந்த ஒரு பாடத்தை ஒரு சங்கத்தின் எல்லா அங்கத்தினரும் முடித்திருந்தால், தணிக்கைக்குச் செல்லும் நமக்குப் பாதி வேலை குறையும். பொதுக்குழுவில் எழும் கேள்விகளும் வேறு தரத்தில் இருக்கும். சில பஞ்சாயத்தார் இப்பாடத்தை அவ்வளவாக விரும்பாததன் காரணத்தை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

விட்டவரைத் தேடுதல்

இனி, வகுப்பை விட்டவரைப் பற்றி. இணையப் பாடத்தை நடத்தும் பெரிய நிறுவனங்கள் விட்டவர்க்குத் தானே எழுதும் கடிதத்தை அனுப்புகின்றன. அதை யாரும் படிப்பதில்லை. நம் சங்கங்களுக்கோ அந்நிறுவனங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: அங்கத்தினர் சங்கத்துக்கு வந்தே தீர வேண்டும். நெசவாளர் நூல் வாங்கவும் சேலை ஒப்படைக்கவும் வருகிறார். பால் உற்பத்தியாளர் தினம் இருவேளை கேனோடு வருகிறார். அந்த நேரத்தில், பால் அளக்கிறவரோ எழுத்தரோ, “அக்கா, ரெண்டு பாடமா உங்களைக் காணோமே, போன் பையன் கொண்டு போய்ட்டானா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், ஆயிரம் அறிவிப்புக் கடிதங்கள் செய்யாததை அது செய்யும். அதற்கு எழுத்தரிடம், யார் எந்தப் பாடத்தோடு நின்றார் என்ற பட்டியல் இருக்க வேண்டும். அதனாலேயே பதிவேட்டில் அந்தக் கலம் இல்லாததை முதலிலேயே குறிப்பிட்டோம்.

போனைப் பையன் கொண்டு போனான் என்பது வேடிக்கைப் பேச்சன்று. வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றே இருக்கும். அது கல்லூரிக்கோ மில்லுக்கோ போய்விடும். பெண்கள் கைக்கு அது வருவது, சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு. அந்நேரத்தில் இயங்கும் வகுப்பு எதையும் நாம் பார்த்ததில்லை. இதற்குப் பரிகாரமாக, எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கைப்பேசி போதும் என்ற முறையைச் சில மகளிர் குழுக்கள் கைக்கொள்கின்றன. யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சிறு ஒலிபெருக்கியோடு பாடத்தைக் கேட்டு, அங்கேயே பேசி, ஐயத்தை ஒருவர் குரலில் பதிந்து அனுப்புகின்றனர். பார்த்தவர் எண்ணிக்கை கணினியில் ஒன்று என்று விழும். உண்மையில் கற்றவர் பத்துப் பேர். கணினிக் கணக்கு குறைகிறதே என்று காரியதரிசிகள் கவலைப்பட வேண்டாம். மேலதிகாரிகளும் அவ்வாறு கேளாதிருப்பார்களாக.

பாடத்தின் பயனை அளக்கும் அளவுகோலும் அப்படியே மாற வேண்டும். எத்தனை பேர் திறந்தனர் என்பதை விடுத்து, எத்தனை வயலில் இவ்வாண்டு மருந்துத் தெளிப்பு குறைந்தது, எத்தனை பேர் தம் சேமிப்புக் கணக்கில் பிழை கண்டு திருத்திக்கொண்டனர், எத்தனை தறியில் புதுக் கரை ஏறியது என்று எழுத வேண்டும். சான்றிதழைப் பற்றி நமக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. சங்கச் சிப்பந்திக்கு அது பதவிக்கு உதவும், ஆகவே அவருக்கு வேண்டும். அங்கத்தினர்க்குச் சட்டம் போட்டு மாட்டிய காகிதத்தைவிட, பாடத்தில் எழுப்பிய கேள்விக்கு வந்த விடை மேலானது.

செலவு அதிகமில்லை. குழுவுக்கொரு சிறு ஒலிபெருக்கி, பாடத்தை நம்மூர்ப் பேச்சில் பதிவு செய்ய ஓர் அமைதியான அறை, படம் எடுக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம் விடை சொல்ல ஒப்பும் நிபுணர் ஒருவர். கல்விக்கென ஒதுக்கும் தொகைக்குள் இவை அடங்கும். எல்லாவற்றிலும் அரிது கடைசியில் சொன்ன நிபுணரே. அவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் பாடத்தைத் தொடங்கலாகாது; கேள்விக்கு விடை வராத இரண்டாம் வாரத்திலேயே குழு கலைந்துவிடும்.

தீபாவளிச் சேலைக்கான நெருக்கடி தொடங்குமுன் ஆறு வாரம் ஒதுக்கக்கூடிய நெசவாளர் சங்கங்களும், வெட்டுக்கும் நடவுக்கும் இடையே அவகாசமுள்ள கிழங்கு விவசாயிகளும், முதலில் ஒரே ஒரு குழுவை வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். அக்குழுவில் எழும் கேள்விகளைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த குழுவுக்கு நடத்த வேண்டிய பாடங்களின் பட்டியலை அந்த நோட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.